வேப்பமரம் மறைத்த சொல்

அத்தியாயம் பதினான்கு

பால் பொங்கி வழியும் மங்கல வேளையில் இழவு வீட்டு இசைத்தட்டைச் சுழல விட்டவன், அதன் பின்னர் எங்ஙனம் தலை நிமிர்ந்து நடப்பான்? நம் முத்துக்கருப்பனை இவ்வினாவின் முன்னர் நிறுத்திவிட்டன்றோ சென்ற வாரம் விடைபெற்றோம்!

டி. கல்லுப்பட்டிக் கடைவீதியில் ஒலிபெருக்கி நிலையம் நடத்துபவன் அவன். அவனுடைய குழாய் பாடாத விழா வீடு அவ்வட்டாரத்தில் இல்லை. விழா வீட்டாரோ அன்பின் மிகுதியால் அவனுக்கு ஊற்றிக் கொடுத்தனர். சாராயக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்ட இந்நான்கு ஆண்டுகளில், அவன் சாராயத்தைக் குடித்தது போய், சாராயம் அவனைக் குடிக்கத் தொடங்கியது.

பதினொரு நாள்களுக்கு முன்னர், தல்லாகுளத்தில் வாழும் தங்கை அன்னக்கொடி புதுவீட்டில் பால் காய்ச்சினாள். போதையில் இருந்த அண்ணன் தட்டை மாற்றி வைத்தான். நாதசுவரம் ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒப்பாரி ஒலித்தது. நான்கு தெருக்கள் அதனைக் கேட்டன.

அன்னக்கொடி அழவில்லை. ஒன்றே ஒன்று கூறினாள்.

"என் மகன் காதுகுத்துப் பத்திரிகை வார திங்க விட்டு அடுத்த திங்கக்கிழமை அச்சகத்துக்குப் போகுது. தாய்மாமன்னு உன் பேரைப் போடுறதா, பெரியப்பா மகன் சுடலை பேரைப் போடுறதான்னு அதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை சொல்றேன். குடிச்ச மடியில என் பிள்ளைய உக்கார வைக்க மாட்டேன்ணே."

தாய்மாமனின் மடியில் அமர்ந்தே குழந்தை காது குத்திக்கொள்ளும். அம்மடி மறுக்கப்படுவதைக் காட்டிலும் பெரிய தண்டனை உடன்பிறந்தான் ஒருவனுக்கு உண்டோ? அன்று முதல் அவன் ஒரு சொட்டும் அருந்தவில்லை.

அவள் குறித்த ஞாயிற்றுக்கிழமை இன்றுதான்.

*

மதுரை நோக்கி விரைந்த பேருந்தில், முத்துக்கருப்பனின் வலக்கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மனைவி சின்னத்தாய் அக்கையின்மீது வறுத்த கடலைப் பொட்டலத்தை வைத்தாள்.

"புடிங்க. கை ஆடுறதுக்கு அதுவா தோலு உரியும்."

"கேலியாடி பண்ற?"

"பின்ன அழவா? பதினோரு நாளா நான் சிரிச்ச முகமா இருக்கேன். அதைக் கெடுக்காதீக."

அவளுடைய இடுப்பு முடிப்பில் ஒரு சீட்டு இருந்தது. காந்தி ஆசிரமத்தில் நூல் நூற்கும் சீனியம்மாள் மூன்று நாள்களுக்கு முன்னர் கொடுத்தது. யார் கொடுத்து அனுப்பினார் என்று வினவியதற்கு அவ்வம்மையார் வாய் திறக்கவில்லை. சீட்டு தட்டச்சில் அடிக்கப்பட்டிருந்தது. அதில் 'ட' என்னும் எழுத்து மட்டும் வரிசையை விட்டுச் சற்றே மேலே தாவியிருந்தது.

'தல்லாகுளம். பெருமாள் கோயிலுக்குக் கிழக்கே மூன்றாம் சந்து. வேப்பமரத்துக்கு எதிர் மாடி. ஞாயிறு மாலை நான்கு மணி. விட்டவர்கள் கூட்டம்.'

"அங்கன போனா என்ன செய்வாகளாம்? ஊசி கீசி போடுவாகளா?" என்று வினவினான் முத்துக்கருப்பன்.

"ஊசியெல்லாம் இல்லையாம். குடிச்சு விட்டவங்க ஒண்ணா உக்காந்து பேசுவாகளாம். நீங்களும் பேசணுமாம்."

"நானா? அடுத்தவன் பேசுறதுக்கு மைக்க நீட்டுனவன் நான். எனக்குப் பேச என்ன தெரியும்? 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.' அம்புட்டுத்தான்."

"அதையே சொல்லுங்க. நாலாவது தன்னால வந்துரும்."

அவன் நகைத்தான். முன்னரும் இருமுறை பாண்டி கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை நிறுத்தியவன் அவன். இருமுறையும் கயிற்றைத் தானே அறுத்தான். இம்முறை அவன் கயிறு கட்டவில்லை. தன் கையின்மீது அவனுக்கே நம்பிக்கை இல்லை.

*

தல்லாகுளத்தில் இறங்கியவுடன் சின்னத்தாய் முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டாள். நாத்தனாரின் வீடு இரண்டு சந்துகளுக்கு அப்பால்தான் இருந்தது.

"முதல்ல கூட்டம். பெறகு அன்னக்கொடி வீடு. கூட்டத்துக்குப் போயிட்டு வந்தேன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லணும். அதுக்கு முன்னாடி அவ கண்ணுல பட்டுறக் கூடாது" என்று அவள் திட்டம் வகுத்தாள்.

மூன்றாம் சந்தில் வேப்பமரம் ஒன்று தழைத்து நின்றது. அதன் நிழலில் நாற்பது பேர் அமர்ந்திருந்தனர். மரத்தில் ஒரு துணிப் பதாகை கட்டப்பட்டிருந்தது. அதன் இடக்கோடி அடிமரத்தைச் சுற்றிப் பின்புறம் சென்றுவிட்டது. எஞ்சிய பகுதியில் சிவப்பு எழுத்துகள் பளிச்சிட்டன.

'விட்டவர்கள் கூட்டம்.'

"நாற்பது பேரா!" முத்துக்கருப்பன் வாய் பிளந்தான். "இம்புட்டுப் பேரு விட்டுருக்காகளா? பதாகையெல்லாம் கட்டி! நான்தான் கடைசியா?"

சீட்டில் 'எதிர் மாடி' என்றிருந்ததை இருவரும் மறந்தனர். அம்மகிழ்ச்சியில் யாருக்குத்தான் நினைவிருக்கும்?

அவ்வேளையில் மரத்தடியில் இருந்த ஒலிபெருக்கி 'கீ' என்று அலறியது. கூட்டத்தினர் காதைப் பொத்திக்கொண்டனர். முத்துக்கருப்பனின் கால்கள் தாமாகவே முன்னே நடந்தன.

"அண்ணே, குழாய்க்கு நேரா மைக்க வச்சா கத்தத்தான் செய்யும். இங்கிட்டுத் திருப்புங்க."

அவன் குழாயைத் திருப்பினான். பெட்டியின் ஒலித் திருகைப் பாதியளவு குறைத்தான். அலறல் அடங்கியது. சற்று முன்வரை நடுங்கிய அதே கை, திருகைத் தொட்டவுடன் கல்லைப் போல் நின்றது. சின்னத்தாய் அதனைக் கண்டாள்.

கூட்டத்தின் தலைவர் மீசையைத் தடவியவாறு எழுந்தார். கொட்டாம்பட்டியைச் சேர்ந்த உக்கிரபாண்டி என்பது அவர் பெயர்.

"தெய்வம் மாதிரி வந்தீகப்பா. நீங்களும் விட்டவரா?"

"ஆமாண்ணே" என்று தலை குனிந்தான் முத்துக்கருப்பன்.

"வெக்கப்படாதீக. இங்கன எல்லாரும் விட்டவங்கதான். எப்ப விட்டீக?"

"பதினோரு நாளாச்சு."

"அடடா, பச்சைப் புண்ணு! எம்புட்டு விட்டீக?"

"பூராத்தையும்ணே. ஒரு சொட்டு வச்சுக்கல."

உக்கிரபாண்டி கூட்டத்தை நோக்கிக் கை நீட்டினார். "கேட்டுக்கங்கப்பா! நம்மளாச்சும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மிச்சம் வச்சுருக்கோம். இந்த மனுசன் ஒரு சொட்டு கூட வச்சுக்கல!"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தீகளா?" என்றார் முன்வரிசையில் இருந்த சின்னான் என்பவர்.

"கையெழுத்து இல்லண்ணே. முன்னாடி ரெண்டு தடவை கயிறுதான் கட்டுனேன். அறுந்துபோச்சு."

"கயிறு கட்டி அளந்துருக்கான் பாருங்க சர்வேக்காரன், நில அளவைச் சங்கிலி கூட இல்லாம!" என்று பொங்கினார் சின்னான். "விட்ட பெறகு எப்படி இருக்கீக?"

"உறக்கமே இல்ல. கை நடுங்குது. சோறு இறங்கல. எல்லாம் வெறிச்சுன்னு இருக்கு."

பின்வரிசையில் ஒருவர் துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் அப்படித்தான்யா இருந்துச்சு" என்றார் அவர்.

இதற்கு மேல் உக்கிரபாண்டியால் பொறுக்க இயலவில்லை. மைக்கைப் பற்றினார், முழங்கினார்.

"திருப்பிக் கொடு! திருப்பிக் கொடு!"

"விட்டதைத் திருப்பிக் கொடு!" என்று நாற்பது குரல்கள் எதிரொலித்தன.

சின்னத்தாயின் முகம் வெளிறியது. அவள் கணவனின் சட்டையைப் பற்றி இழுத்தாள். "ஏங்க, வாங்க போயிருவோம். இவுக விட்டதைத் திருப்பிக் கேக்குறாக!"

ஆயினும் முத்துக்கருப்பன் நகரவில்லை. பதினொரு நாள்களாக உறக்கமின்றி விலக்கி வைத்த ஒன்றினை, நாற்பது பேர் ஒரே குரலில் திரும்பக் கேட்கின்றனரே! அவன் பாய்ந்து சென்று மைக்கைப் பறித்தான்.

"அண்ணே! கேக்காதீகண்ணே! திருப்பிக் கேக்காதீக! அவுக தந்துருவாக! கடை திறந்துதான் இருக்கு, தந்துருவாக!"

ஒலிபெருக்கியோ அவனே சரிசெய்தது. சொல் ஒவ்வொன்றும் தெருவெங்கும் தெளிவாகச் சென்றது.

"நான் மைக்செட்டுக்காரன்ணே. என் தங்கச்சி பால் காய்ச்சுற அன்னிக்கு, குடி வெறியில ஒப்பாரித் தட்டைப் போட்டவன். பதினோரு நாளா விட்டுட்டேன். எப்படி விட்டேன்னு எனக்கே தெரியல. ஆனா என் தங்கச்சி மகன் என் மடியில உக்காந்து காது குத்தணும். அவன் அழுகுறப்ப என் கை நடுங்கக் கூடாது. அதுக்காகத்தான் விட்டேன். விட்டது விட்டதாவே இருக்கட்டும்ணே. திருப்பி வேணாம்!"

கூட்டத்தினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

உக்கிரபாண்டி மெல்ல மரத்தின் பின்புறம் சென்றார். பதாகையின் மடிந்த கோடியை அவிழ்த்து முன்புறம் இழுத்துப் பிடித்தார்.

'சாலைக்கு நிலம் விட்டவர்கள் கூட்டம்.'

"தம்பி, நாங்க நிலத்தை விட்டவங்க. ரோடு போட்டது போக மிஞ்சுன நிலத்தைத் திருப்பிக் கேட்டு நாளைக்கு மனுக் குடுக்கப் போறோம்."

முத்துக்கருப்பன் பதாகையைப் பார்த்தான். பின்னர் மனைவியைப் பார்த்தான். முதலில் நகைத்தவள் அவள்தான். பின்னர்ச் சின்னான் நகைத்தார். பின்னர் நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நகைத்தனர். சிரிப்பு எவ்விடத்தில் கைத்தட்டலாக மாறிற்று என்பதை எவரும் அறியார்.

உக்கிரபாண்டி அவனுடைய தோளில் தட்டினார். "மாப்ள, நாங்க விட்டதை வாங்காம ஓய மாட்டோம். நீ விட்டதை எவன் திருப்பிக் குடுத்தாலும் வாங்கிராத! உன் கூட்டம் அந்தா, எதிர் மாடி. டைப் கிளாஸ். நாங்க இங்கன கூடுற ஞாயித்துக்கிழமையெல்லாம் சிலபேரு சத்தமில்லாம ஏறிப் போவாக. நான் சீட்டாடப் போறாகளாக்கும்னு நினைச்சேன்."

*

"அண்ணே!"

சந்தின் முனையில் அன்னக்கொடி நின்றாள். அடுப்படியில் இருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். ஒரு கையில் கரண்டி இருந்தது.

அண்ணனின் குரல் ஒலிபெருக்கியில் தெருவெங்கும் கேட்டால் தங்கை என்னவென்று எண்ணுவாள்? மீண்டும் குடித்துவிட்டான், மீண்டும் தன் மானத்தை வாங்குகின்றான் என்றே எண்ணி, கரண்டியோடு புறப்பட்டாள். பாதி வழியில் மீதிச் சொற்கள் அவள் காதில் விழுந்தன. அதன் பின்னர் ஓட்டம் நிற்கவில்லை. கோபம் மட்டும் நின்றுவிட்டது.

ஆயினும் அவள் எளிதில் ஏமாறுபவள் அல்லள். நேரே வந்து அண்ணனின் முன் நின்றாள்.

"ஊது."

"அன்னக்கொடி, இத்தனை பேரு..."

"ஊதுண்ணே!"

அவன் ஊதினான். அவள் மூக்கைச் சுருக்கினாள். நாற்பது பேரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தனர்.

"கடலை வாசம்தான் வருது" என்றாள் அன்னக்கொடி. அவளுடைய கண்கள் நிறைந்தன. "மதினி, தோலோட தின்னாரா?"

"உரிக்க எங்க பொறுமை?" என்றாள் சின்னத்தாய்.

அன்னக்கொடி கரண்டியால் அண்ணனின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். வலிக்காத தட்டு.

"அன்னிக்கு ஒப்பாரி நாலு தெருவுக்குக் கேட்டுச்சு. இன்னிக்கு நீ பேசுனதும் நாலு தெருவுக்குக் கேட்டுச்சு. அதுக்கு இது சரியாப்போச்சு. பத்திரிகையில உன் பேரை எங்க மாமனார் பேரை விடப் பெருசாப் போடச் சொல்றேன்."

"வேணாம்த்தா. அதே அளவு போதும்."

எதிர் மாடியில் நான்கு மணிக்குக் குடியை விட்டவர்கள் கூடுவதைச் சின்னத்தாய் எடுத்துரைத்தாள். "சுடலை அண்ணன்கிட்ட என்ன சொல்வ?" என்றும் கேட்டாள்.

"பந்தி பாக்கச் சொல்லுவேன். அவரு அதுக்குத்தான் லாயக்கு. சரி, நிக்காத, மேல ஏறு. நாலு மணி ஆச்சுல்ல? பதினோரு நாளு பத்தாதுண்ணே. காதுகுத்துக்கு இன்னும் மூணு வாரம் கிடக்கு. அதுக்குப் பெறகு அவன் பள்ளிக்கூடம் போகணும், கல்யாணம் முடிக்கணும். எல்லாத்துக்கும் மாமன் வேணும்."

அவள் மாடிப்படியின் அடியில் அமர்ந்தாள். சின்னத்தாயையும் கை பிடித்து அருகில் அமர்த்திக்கொண்டாள்.

"நீ இறங்கி வார வரைக்கும் நாங்க இங்கனதான் இருப்போம். எங்க வீட்டுக்காரரும் இருந்தா கூட்டியாந்துருப்பேன். அவரு ஞாயித்துக்கிழமையானா கச்சேரியில டைப் அடிக்கணும்னு போயிருறாரு. கோட்டு வேலை ஓயவே மாட்டேங்குது, பாவம்."

முத்துக்கருப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினான். கீழே இருந்து உக்கிரபாண்டி மைக்கில் வாழ்த்தினார். "மாப்ள, ஒன், டூ, த்ரீ!"

*

தட்டச்சுப் பயிலகத்தின் மேசைகளில் பொறிகள் கறுப்பு உறை போர்த்தி வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே ஒன்பது பேர் அமர்ந்திருந்தனர். பலர் முகத்தில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. சன்னல் திறந்திருந்ததால் அனைத்தையும் அவர்கள் கேட்டிருந்தனர்.

மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர் நாற்காலியைக் காட்டினார்.

"வாங்க. இங்க ஒரே ஒரு சட்டந்தான். இங்க பாத்ததும் கேட்டதும் படி இறங்கக் கூடாது. பேரு மட்டும் சொன்னாப் போதும்."

முத்துக்கருப்பன் எழுந்தான், தொண்டையைச் செருமினான். பழக்கம் அவனை விடவில்லை.

"வணக்கம். என் பேரு முத்துக்கருப்பன், முத்துக்கருப்பன் ஒலிபெருக்கி நிலையம், டி. கல்லுப்பட்டி, பஸ் ஸ்டாண்டு எதிர்ப்புறம், கல்யாணம் காதுகுத்து எல்லா விசேசங்களுக்கும்..."

"பேரு மட்டும்யா! விளம்பரம் வேணாம்!" என்றார் முதியவர். அறை அதிர்ந்தது. பத்தாவது சிரிப்பு முத்துக்கருப்பனுடையது.

ஒன்பது பேரில் ஒருவர் மட்டும் நிமிரவில்லை. கடைசி மேசையில், தட்டச்சுப் பாடநூலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தவாறு அமர்ந்திருந்தார். நூல் தலைகீழாக இருந்தது. நூலின் மேல் தெரிந்த நெற்றியை முத்துக்கருப்பன் அறிவான். அந்நெற்றிக்குத் திருமணத்தன்று சந்தனம் இட்டவன் அவனே!

"மாப்ள?"

நூல் தாழ்ந்தது. அன்னக்கொடியின் கணவர் நல்லகாமன், நீதிமன்றத் தட்டச்சர், வியர்த்து அமர்ந்திருந்தார்.

"மெதுவா, மச்சான். கீழ அவ குரல் கேட்டுச்சு."

"நீங்களா? கச்சேரி வேலைன்னு..."

"இதுதான் கச்சேரி. பதினாலு மாசமா. நீங்க ஒப்பாரி போட்டுக் குடிச்சீக, ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நான் சத்தமில்லாமக் குடிச்சவன். சத்தமில்லாம விட்டேன். அவளுக்கு ரெண்டும் தெரியாது."

முத்துக்கருப்பனின் பார்வை அருகிலிருந்த பொறியின்மீது சென்றது. உறை விலகியிருந்தது. அதில் செருகியிருந்த தாளில் 'ட' என்னும் எழுத்து மட்டும் மேலே தாவி நின்றது.

"அந்தச் சீட்டு!"

"நான்தான். பால் காய்ச்சுன அன்னிக்கு நீங்க வாசல்ல உக்காந்து அழுததைப் பாத்தேன். சீனியம்மாக்கா மூலமா அனுப்புனேன். குடியை விட்டவர்கள்னு அடிக்கத்தான் உக்காந்தேன். அந்தச் சொல்லை அடிக்க விரல் வரல மச்சான். வெறும் 'விட்டவர்கள்'னு அடிச்சுட்டேன்."

"அதனாலதான் நான் நாற்பது பேரு முன்னாடி நின்னேன்!"

"கேட்டேன். என்னால ஒருத்தி முன்னாடி கூட நிக்க முடியல" என்றார் நல்லகாமன்.

முத்துக்கருப்பன் தங்கை கணவரின் கையைப் பற்றினான். எக்கை நடுங்கியது, எக்கை நின்றது என்று பிரித்துணர இயலவில்லை. இருவரும் ஓசையின்றி நகைத்தனர். பின்னர் ஒரே நேரத்தில் இருவருக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. இருவரும் வாயிலைத் திரும்பிப் பார்த்தனர்.

அந்த மாடிக்குப் படிக்கட்டு ஒன்றுதான்.

"இங்க பாத்தது படி இறங்கக் கூடாது. நான் வாய் திறக்க மாட்டேன் மாப்ள" என்று உறுதி கூறினான் முத்துக்கருப்பன்.

அவன் சொன்ன சொல்லைக் காப்பான். நாம் அறிவோம். ஆனால் படியேறாமல் கீழேயே தங்கிவிட்டவற்றின் வாயை யார் மூடுவது?

கீழே அன்னக்கொடி, மகிழ்ச்சி மிகுந்தால் கை சும்மா இராத இயல்பினள் ஆதலின், படியடியில் சிதறிக் கிடந்த பத்துச் சோடிச் செருப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். எட்டாவது சோடியில் அவள் கை நின்றது. கறுப்புச் செருப்பு. வலக்கால் வாரில் மட்டும் மஞ்சள் நூல் தையல். கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது என்று கூறிய தைப்பவரிடம், "பரவாயில்ல, மஞ்சள்லயே தைங்க" என்று சென்ற வாரம் சொன்னவள் அவளே.

அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். மாடியை நிமிர்ந்து பார்த்தாள். மீண்டும் செருப்பைப் பார்த்தாள்.

"மதினி" என்றாள் மெல்ல. "கச்சேரிக்குப் போன செருப்பு இங்க எப்படி வந்துச்சு?"

சின்னத்தாய் பதில் கூறுமுன் அவள் அச்சோடியை வரிசையிலிருந்து எடுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.